முகிலைப் பிரிந்த மரம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இவ்வுரை ஒரு மரத்தைப் பற்றியது. தமிழ்க் கவிஞர் கூடிய அவைக்கு மரம் புதிய விருந்தன்று. வேங்கையும் ஞாழலும் கொன்றையும் புன்னையும் தமிழ்ப் பாட்டில் வேரூன்றி ஈராயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் இங்குப் பேசப்படும் மரத்துக்குத் தமிழில் பெயர் கிடையாது. அதன் தாயகம் தைவான் தீவின் நடு மலைகள். தாவர நூலார் அதற்கு இட்ட பெயர் தைவானியா கிரிப்டோமேரியாய்டிஸ். கிரிப்டோமேரியாவைப் போன்றது என்பது அப்பெயரின் பிற்பகுதிக்குப் பொருள். நீலகிரியில் நட்டு வளர்க்கப்பட்ட கிரிப்டோமேரியாவைக் கண்டவர்கள், இளமரத்தின் சாயலை ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம். மலையுச்சி முகிலில் வளரும் இந்த அரிய ஊசியிலை மரத்தைத் தம் வீட்டுப் பின்புறத்தில் வளர்த்துவிட வேண்டும் என்று ஒரு நூற்றாண்டாக மேலை நாட்டுத் தோட்டக்காரர் சிலர் முயன்று வருகின்றனர். அம்முயற்சியின் பயன் யாது என்பதே இவ்வுரையின் வினா.

வினாவைத் தமிழ் மரபுக்குள் வைத்தே கேட்கலாம். நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் புள்ளும் விலங்கும் கருப்பொருள். முதல் இன்றிக் கரு இல்லை என்பது பொதுவிதி. ஆயினும் தொல்காப்பியர் அகத்திணையியலில் ஒரு நெகிழ்வு வைத்திருக்கிறார். ஒரு நிலத்துக்குரிய பூவும் பறவையும், தமக்குரிய நிலமும் பொழுதும் உடன் வாராவிட்டாலும், தாம் வந்து சேர்ந்த நிலத்துக்கே உரியனவாகக் கொள்ளப்படும் என்பது அந்நூற்பாவின் கருத்து. நெய்தற் பாட்டில் குறிஞ்சிப் பூ நுழைந்துவிட்டால் புலவனைக் குறை கூற வேண்டியதில்லை. அந்நூற்பா பெயர் சுட்டுவது பூவையும் புள்ளையும். பூவைக் கூந்தலில் சூடி வேறு நிலம் கொண்டுபோகலாம். புள் தானே பறந்து போகும். எண்பது மீட்டர் உயர்ந்து நின்று முகிலை மறிக்கும் மரம் ஒன்றுக்கும் இவ்விதி பொருந்துமா?

விடை தேடுமுன் அம்மரம் நிற்கும் நிலத்தைப் பார்க்க வேண்டும். முகில்காடு என்பது மலைச்சரிவில் முகில் வந்து தங்கும் உயரத்தில் அமைந்த காடு. கடலிலிருந்து எழும் ஈரக்காற்று சரிவில் ஏற ஏறக் குளிர்கிறது. அதில் கரைந்திருந்த ஆவி நுண்துளிகளாகிறது. அத்துளிகள் தாமே மண்ணில் விழும் எடை பெறாதவை. எதிலாவது மோதினால்தான் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்துச் சொட்டும். ஊசியிலைக் கிளை அதற்கென்றே வகுத்த சீப்புப் போன்றது. காற்று ஊடே புகுந்து செல்லும். துளி இலை நுனியில் தங்கிவிடும். திறந்த வெளியில் மழைமானியை வைத்தால் அன்று மழையில்லை என்று பதிவாகும் நாளிலும், மரத்தடி மட்டும் நனைந்து கிடக்கும். பழந்தமிழில் மழை என்ற சொல் முகிலையும் குறித்தது, அது பெய்யும் நீரையும் குறித்தது. இக்காட்டுக்குள் நின்று பார்த்தால் அச்சொல்லின் இரு பொருளும் ஒன்றாகவே இருப்பது விளங்கும்.

மூடுபனி நீர் தருவதோடு நிற்பதில்லை. வெயிலை மட்டுப்படுத்தி இலையிலிருந்து நீர் வெளியேறுவதைக் குறைக்கிறது. நெடுமரத்துக்கு இது உயிர்நிலையான செய்தி. வேரில் உறிஞ்சிய நீரை உச்சிக் கொழுந்து வரை இழுத்துச் செல்வதே அத்தகைய மரத்தின் பெரும்பாடு. உச்சி உலராமல் இருந்தால் அப்பாடு பெரிதும் குறையும். தைவானில் ஏறத்தாழ 1800 மீட்டருக்கு மேற்பட்ட ஈர மலைச்சரிவுகளில், சைப்பிரசு இனப் பெருமரங்களோடு கலந்து, அவற்றின் தலைக்கு மேல் தலை நீட்டி இது நிற்கிறது. தாஆன் ஆற்றின் மேற்பகுதியில் கண்டறியப்பட்ட தைவானியா ஒன்றின் உயரம் 84.1 மீட்டர் என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. வானூர்தியிலிருந்து ஒளிக்கதிர் செலுத்தி மலையை அளந்த தரவுகளில் உயர்ந்த புள்ளிகளைத் தேடிப் பிடித்து, பின்னர் மரமேறிகள் நேரில் சென்று உச்சியிலிருந்து நாடாவைத் தொங்கவிட்டு அளந்தார்கள். கருவி எத்துணை நுட்பமானதாயினும் கடைசியில் ஒருவர் ஏறித்தான் ஆக வேண்டியிருந்தது.

இத்தீவின் தொல்குடிகளுள் ஒருவரான ருகாய் மக்கள் இதனை நிலவை முட்டும் மரம் என்று அழைப்பதாகச் சொல்வர். அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தவர் வைத்த பெயர் அது என்பது கேட்டவுடனே தெரிகிறது. மேல் பர்மாவிலும் சீனத்தின் தென்மேற்கு மலைகளிலும் இதே மரம் உண்டு. அங்கு இது ஆங்கிலப் பயணிகளின் ஏடுகளில் சவப்பெட்டி மரம் எனப் பெயர் பெற்றது. மணமும் உறுதியும் உடைய இதன் கட்டை மண்ணுக்குள்ளும் எளிதில் மக்காது. ஆகவே பர்மாக் காட்டில் அறுத்த பெரும் பலகைகள் மலைக்கணவாய் கடந்து சீனச் செல்வர்களின் ஈமத்துக்குச் சென்றன. தாவரம் தேடி அம்மலைகளில் நெடுங்காலம் அலைந்த ஃபிராங்க் கிங்டன்-வார்டு இம்மரத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நின்றபோது ஒரு பெயர், விழுந்தபோது ஒரு பெயர். மூன்றாவது பெயர் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1904இல் ஜப்பானிய அலுவலர் ஒருவர் யூஷான் மலைச்சரிவில் திரட்டிய கிளையை ஆராய்ந்த புன்சோ ஹயாத்தா, இது அதுவரை அறியப்படாத பேரினம் என்று கண்டு 1906இல் வெளியிட்டார். தீவின் பெயரையே மரத்துக்கு இட்டார். பின்னாளில் சீனத்திலும் பர்மாவிலும், 2001இல் வட வியட்நாமில் ஒரு சிறு கூட்டமாகவும் இது கிடைத்தபோது அப்பெயர் சற்றே குறுகிப் போயிற்று. பெருநிலத்து மரம் தனி இனம் என்று வேறு பெயரிட்டோரும் இருந்தனர். இன்று இரண்டையும் ஒன்றாகக் கொள்வோரே பெரும்பான்மையினர். அலாஸ்காவில் கிடைத்த கிரீத்தேசியக் காலப் புதைபடிவங்களிலும் இப்பேரினத்தின் தடயம் உண்டு. ஒரு தீவின் பெயரைச் சுமக்கும் இம்மரம், அத்தீவு கடலுக்கு மேல் எழும் முன்பே உலகில் இருந்தது.

ஜப்பானிய ஆட்சியில் மலைமேல் இருப்புப்பாதை ஏறியது. அலிஷான் காட்டுத் தொடர்வண்டி 1912இல் ஓடத் தொடங்கியது. சைப்பிரசுப் பெருமரங்களே அதன் முதல் இலக்கு. தைவானியாவும் உடன் விழுந்தது. இயற்கைக் காட்டில் மரம் வெட்டுவதைத் தைவான் அரசு 1991இல்தான் தடை செய்தது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இம்மரம் அழிவுக்கு இலக்காகக்கூடியது என்ற வகையில் இடம்பெற்றுள்ளது.

இனித் தோட்டத்துக்கு வரலாம். 1918இல் தைவான் சென்ற தாவரச் சேகரிப்பாளர் எர்னஸ்ட் வில்சன் வழியாக இம்மரம் மேலைத் தோட்டங்களை அடைந்தது. இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடி, அயர்லாந்து, வட அமெரிக்காவின் பசிபிக் கரை போன்ற ஈரமும் மிதமான குளிரும் உள்ள இடங்களில் இது ஓரளவு நிலைத்தது. பெருந்தோட்டங்களிலிருந்து நாற்றும் பதியனும் பரவி, அரிய ஊசியிலை மரங்களில் பித்துக்கொண்ட வீட்டுத் தோட்டக்காரர்களின் கைக்குச் சென்றன.

வளர்ப்பின் இடர்ப்பாடு விதையிலேயே தொடங்கிவிடுகிறது. ஓங்கிய மரத்துக்குக் கூம்பு மிகச் சிறிது. நீளம் இரண்டு சென்டிமீட்டர் அளவே. அதனுள்ளிருக்கும் சிறகுடைய விதைகளில் பல உள்ளீடற்ற பதர்கள். எனவே வளர்ப்போர் ஒரு பிடி விதை தூவிச் சில நாற்றுகளை எதிர்பார்க்கின்றனர். கிளையை வெட்டி வேர்பிடிக்க வைக்கலாம். ஆனால் பக்கக் கிளையிலிருந்து எடுத்த துண்டு, வேர் விட்ட பின்னும் தன்னைக் கிளையென்றே எண்ணிப் பக்கவாட்டில் படரும் இயல்பு ஊசியிலை மரங்கள் பலவற்றுக்கு உண்டு. கோல் நட்டுக் கட்டி நிமிர்த்தினாலும் சில ஆண்டுகள் அது கேட்பதில்லை. தலைக்கொழுந்தை எடுத்தால் நேராக வளரும். அதற்குத் தாய்மரத்தின் தலையைக் கிள்ள வேண்டும். அரிய மரத்தின் தலையைக் கிள்ள எவருக்கு மனம் வரும்?

நாற்று எழுந்த பின் மண்ணும் நீரும் காவலும் வேண்டும். நீர் தேங்காத, சற்றே புளிப்புத்தன்மை கொண்ட, இலைமக்கு நிறைந்த மண் இதற்கு உகந்தது. சுண்ணாம்பு மிகுந்த குழாய்நீரைத் தொடர்ந்து ஊற்றினால் அப்புளிப்பு மாறிவிடும் என்பதால் கூரைமழையைத் தொட்டியில் பிடித்து வைப்போர் உண்டு. பைன் மரத்தடி மண்ணைக் கொண்டுவந்து இட்டால் வேருக்குத் துணையான பூசணம் கிடைக்கும் என்று எண்ணுவது பயன்படாது. பைனின் வேர்த்துணை வேறு வகை. சைப்பிரசுக் குடும்பத்தைச் சேர்ந்த தைவானியாவின் துணை வேரின் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து வாழும் வேறொரு வகை. காற்றே பெரும் பகை. ஈரமற்ற காற்று ஒரு வாரம் வீசினால் இளங்கொழுந்து பழுப்பேறும். அதனால் பட்டறிவுடையோர் இதனைத் திறந்த புல்வெளியில் காட்சிப்பொருளாக நிறுத்துவதில்லை. வேறு மரங்களின் நடுவே, அவற்றின் மூச்சு ஈரத்தில், தாதியர் சூழ்ந்த குழந்தையைப் போல வைக்கிறார்கள்.

தமிழில் பனி என்ற ஒரு சொல் இரு வேறு பொருளுக்கு இடம் தருகிறது. மூடுபனியும் பனியே, உறைபனியும் பனியே. இத்தோட்டக்காரர்கள் ஒன்றுக்கு ஏங்கி மற்றொன்றுக்கு அஞ்சி வாழ்பவர்கள். வசந்தம் வந்துவிட்டதென்று நம்பிக் கொழுந்துவிட்ட இளமரத்தை, பின்தங்கி வந்த ஓர் உறைபனி இரவு கருக்கிவிடும். மூடுபனியோ வேண்டியபோது வருவதில்லை. நுண்துளி தெளிக்கும் குழாயை மரத்துக்கு மேல் பொருத்திப் பார்க்கிறார்கள். இளமரம் ஆளுயரம் இருக்கும் வரை அது உதவும். மரம் குழாயைத் தாண்டி வளர்ந்த பிறகு முகிலைச் செய்து தருவது எவராலும் இயலாது.

இம்மரத்தின் இலையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. இவ்வுரைக்கு அதுவே நடுப்பொருள். இளமரத்தின் இலை ஊசி போன்றது, நீலம் பாய்ந்த பச்சை, கைபட்டால் குத்தும். கிளைகள் நுனியில் துவண்டு தொங்கும். அந்த அழகுக்காகவே தோட்டக்காரர் இதனை விரும்புகின்றனர். முதிர்மரத்தின் இலை முற்றிலும் வேறு. சிறுத்து, செதில் போலக் கிளையோடு ஒட்டிக் கிடக்கும். இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே மரத்தின் இலைகள் என்று நம்புவது கடினம். ஊசி செதிலாக மாறும் பருவம் ஏறத்தாழ நூறு ஆண்டு கழிந்த பின்னரே என்பர். வில்சன் சென்றது 1918இல். அவ்வாறெனில் மேலைத் தோட்டங்களில் இம்மரத்தின் வரலாறு முழுவதும் சேர்ந்து அதன் இளமைப்பருவ நீளமே இருக்கிறது. நட்டவர்கள் மாண்டார்கள்; அவர்தம் மக்களும் முதிர்ந்தார்கள்; மரம் பிள்ளைப்பருவம் கடக்கும் வாயிலில் நிற்கிறது. உயரத்திலும் அத்தோட்ட மரங்கள் தைவான் மலையின் மரங்களுக்கு அருகில் கூட வரவில்லை.

தொல்காப்பியர் விதிக்குத் திரும்பினால், வந்த நிலத்துக்கு உரியதாவது இம்மரத்தின் பிள்ளைமை மட்டுமே என்று சொல்லத் தோன்றுகிறது. முகிலை மறித்துக் காட்டுக்கு நீர் ஊட்டும் தொழிலைத் தோட்டத்து மரம் செய்வதில்லை. அதற்கு முகில் இல்லை. அதன் தோளில் பாசி தொங்குவதில்லை. ஆயிரமாண்டு மரத்தின் கிளைக்கவட்டில் சேரும் மண்ணும், அம்மண்ணில் முளைக்கும் பிற செடிகளும் அங்கு இல்லை. வீட்டுத் தோட்டம் அரிய மரத்தைக் காப்பாற்றிவிட்டது என்று சிலர் எழுதும்போது அச்சொல்லில் மிகை உண்டு. காப்பாற்றியது 1991இன் தடை. அதற்கு முன் கோடரி எட்டாத செங்குத்துச் சரிவுகள்.

பித்துக்கு வேறொரு தீங்கும் உண்டு. ஓர் இனம் அரிதென்று பெயர் பெற்றதும் அதனைக் காட்டிலிருந்தே பெயர்த்து விற்போர் கிளம்புகின்றனர். நாற்றங்காலில் விதையிட்டு எழுப்பிய கன்று எனத் தெளிவாகத் தெரியாத எதையும் வாங்காதிருப்பது வளர்ப்போரின் முதல் கடமை. விதை குறைவாகவும் மெதுவாகவும் முளைக்கும் தைவானியா தோட்டவேலி தாண்டி ஓடி அயல்நிலத்தை விழுங்கும் மரமன்று. அந்த அளவில் நல்லது. வந்த மரமெல்லாம் அவ்வாறு அடங்கியிருப்பதில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட தைலமரமும் சீகையும் பின்னர் புல்வெளிகளைப் பரவலாக மூடின. மலை மடிப்பில் சோலையும் மேட்டில் புல்லுமாக இருந்த நிலம் அது. வந்த நிலத்துக்கு உரியதாதல் என்னும் விதி அங்குத் தலைகீழாயிற்று. நிலம் வந்த மரத்துக்கு உரியதாகிவிட்டது.

இவ்விடத்தில் ஒரு செய்தியை இடைப்பிறவரலாகச் சொல்லலாம். தீபகற்ப இந்தியாவுக்கு இயல்பாகவே உரிய கூம்புமர இனம் ஒன்றே ஒன்று உண்டு. நாகியா வாலிச்சியானா என்பது அதன் தாவரப் பெயர். முன்னர்ப் போடோகார்ப்பசு என்று வழங்கியது. மேற்குத்தொடர் மலையின் தென்பகுதி ஈரக்காடுகளில் அருகி நிற்கிறது. ஊசியிலை இனத்தது ஆயினும் இதன் இலை அகன்றது, நடுநரம்பு கிடையாது, இணையாக ஓடும் மெல்லிய நரம்புகளே உள. பக்கத்தில் நடந்து போகிறவர் ஏதோ ஓர் அகன்ற இலைமரம் என்று கடந்துவிடுவர். ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. ஒற்றை மரத்தைத் தோட்டத்தில் நட்டு விதைக்குக் காத்திருப்பவர் வீணே காத்திருக்க நேரும். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் அயல்நாட்டுப் பைன்களைக் காணச் செல்லும் எண்ணற்றவரில் இம்மரத்தின் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்?

தோட்டத்து மரத்தால் பயனே இல்லையா எனின், உண்டு. அது மிகச் சிறிய ஒரு பொருளைச் சார்ந்திருக்கிறது. மரத்தடியில் குத்தி வைக்கும் பெயர்ப்பலகை! எம்மலையில், எவ்வுயரத்தில், எவ்வாண்டில், எத்தனை தாய்மரங்களிலிருந்து விதை திரட்டப்பட்டது என்ற குறிப்பு அதில் இருக்குமாயின், அம்மரம் என்றேனும் தன் மலைக்கு விதையாகத் திரும்பலாம். தைவானின் மரமும் பர்மாவின் மரமும் ஒரே பெயரில் அடங்கினாலும் நெடுங்காலம் கடலால் பிரிந்தவை. இரண்டும் ஒரே தோட்டத்தில் மகரந்தம் கலந்து ஈன்ற விதையை எம்மலைக்கும் திருப்பி அனுப்புதல் முறையாகாது. பெரிய தாவரத் தோட்டங்கள் ஒவ்வொரு மரத்துக்கும் வரவு எண் கொடுத்துப் பேரேட்டில் பதிகின்றன. வீட்டுத் தோட்டத்தில் அக்குறிப்பு நட்டவரின் நினைவிலும், மழையில் எழுத்தழிந்த ஒரு துண்டுத் தகட்டிலும் மட்டுமே வாழ்கிறது. வீடு கைமாறுகிறது. புதியவருக்கு அது சுவரை ஒட்டிய ஒரு குத்தும் மரம்.

சங்கப் பாட்டுகளின் அடியில் திணையும் துறையும் பாடினோர் பெயரும் எழுதி வைத்தவர்களை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். அக்குறிப்பு ஏட்டில் ஒரு வரி. அந்த ஒரு வரி பூச்சிக்கு இரையான இடங்களில் பாட்டு இருக்கிறது, பாடினோர் இல்லை. எந்நிலத்துப் பாட்டு, எவர்முன் பாடியது என்று உரையாசிரியரும் பதிப்பாசிரியரும் ஊகிக்க வேண்டியிருந்தது. சில பாட்டுகளுக்கு, அதில் வந்த அரிய தொடரையே எடுத்துப் புலவர்க்குப் பெயராகச் சூட்டிவிட்டார்கள்.

இன்று அரிய மரம் வளர்க்கும் பொறுப்புள்ளோர் சிலர் தகட்டை நம்புவதில்லை. மரத்தின் வரவுக் குறிப்பைப் படியெடுத்து அருகிலுள்ள தாவரத் தோட்டத்துக்கு ஒன்று, வீட்டுப் பத்திரங்களோடு ஒன்று என வைத்துவிடுகின்றனர். மரத்தின் உயரத்தையும், எவ்வாண்டு உறைபனியில் தலை கருகியது, எந்தக் கிளையில் முதற்கூம்பு கண்டது என்பவற்றையும் ஆண்டுதோறும் அதில் ஒரு வரி சேர்க்கிறார்கள். முதல் ஊசி செதிலாகும் ஆண்டை எழுத வேண்டிய பக்கம் அவ்வேடுகளில் வெற்றாகக் கிடக்கிறது. அதனை எழுதும் கை இன்னும் பிறந்திருக்கவில்லை.